பெயர்ச்சீட்டைப் பிடுங்கி எறிந்தவள் எழுதும் ஓர்கிட் குறிப்பு

திருகோணமலையில் ஓர்கிட் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கன்றோடு வரும் சின்னப் பிளாஸ்ரிக் சீட்டைப் பிடுங்கி எறியாதீர்கள். நான் எறிந்தேன். கண்டிப் பக்கம் போன இடத்தில் நாலு கன்று வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திருகோணமலை உவர்மலையில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், சாடியில் குத்தியிருந்த சீட்டு வடிவாய் இல்லையென்று நாலையும் உருவிக் குப்பையில் போட்டேன். பிறகு நாலுக்கும் ஒரே மண், ஒரே வாளித் தண்ணீர், ஒரே வெய்யில். ஆறு மாதத்துக்குள் மூன்று செத்துப்போய்விட்டன.

இதில் வெட்கம் என்னவென்றால், நான் 31 வருஷம் பாமசியில் நின்றவள். லேபல் இல்லாத போத்தலை யாராவது கொண்டுவந்து நீட்டினால் மூடியைக்கூடத் திறக்கமாட்டேன். பனடோல் என்று கேட்டு வருகிறவருக்கு உள்ளே இருப்பது பரசிற்றமோல் என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. எடுத்துக் கொடுக்கிறவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். மருந்தைக் கொம்பனிப் பெயரால் எழுதாமல் அதன் பொதுப்பெயரால் எழுதவேண்டும் என்று பேராசிரியர் சேனக பிபிலே 1970களில் நின்று வாதாடின நாடு இது. அந்த வழியில் வேலை பழகின நான்தான் கன்றின் பெயரைக் குப்பையில் போட்டேன். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோதுதான், ஓர்கிட்டின் பெயரும் ஒருவகை மருந்துத் துண்டுதான் என்று விளங்கியது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வெய்யில், என்ன சாடி என்பதெல்லாம் அதில் பாதி எழுதியிருக்கிறது.

சீட்டை வாசிப்பது

முதற் சொல் சாதி. எங்கள் உயர்தரப் பாடப்புத்தகத்தில் குடும்பம், சாதி, இனம் என்று வரும். இந்தியப் புத்தகங்களில் அதையே பேரினம், சிற்றினம் என்பார்கள். என் பெறாமகள் உயிரியல் படித்தவள். ஒருநாள் முற்றத்தில் நின்று அவளிடம் "பிள்ளை, இது என்ன சாதி?" என்று சத்தமாய்க் கேட்டுவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர் திரும்பி ஒருமாதிரிப் பார்த்தார். "பெரியம்மா, கொஞ்சம் மெதுவாக் கேளுங்கோ" என்றாள்.

சீட்டு ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். சாதிப்பெயரைப் பெரும்பாலும் சுருக்கித்தான் எழுதியிருப்பார்கள். டென் என்று இருந்தால் டென்ட்ரோபியம், பால் என்று இருந்தால் பலனொப்சிஸ், ஒன்க் என்றால் ஒன்சிடியம், தனியே வி என்ற எழுத்து நின்றால் வண்டா. (வண்டா என்று நான் சொல்ல, "எங்கே, குளவியா?" என்று தலையைக் குனிந்தவரும் உண்டு.)

இரண்டாவது சொல்லைக் கவனமாய்ப் பாருங்கள். அது சிறிய எழுத்தில் தொடங்கினால் இனப்பெயர். காட்டில் தானாய் விளைந்த ஓர்கிட். பெரிய எழுத்தில் தொடங்கினால் மனிதர் கலந்து உண்டாக்கியது. அந்தக் கலப்பில் பிறந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த ஒரே பெயர்தான். அதை இலத்தீனில் கிரெக்ஸ் என்பார்கள், மந்தை என்று அர்த்தம். ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று கறுப்பு ஒன்று சிவப்பு என்று வருவதுபோல மந்தைக்குள்ளும் நிறம் மாறும். அதனால் "அதே பெயர்தானே, ஏன் என்னுடையது வெளிறிக் கிடக்கிறது" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். மூன்றாவதாய், ஒற்றை மேற்கோள் குறிக்குள் ஒரு பெயர் இருந்தால் அது அந்த மந்தையில் பொறுக்கி எடுத்த ஒரு தனிக் கன்றின் பெயர். திசு வளர்ப்பில் ஆயிரமாய்ப் பெருக்கினாலும் அது அதே கன்றுதான். அச்சொட்டாய் ஒரே பூ வேண்டுமென்றால் மூன்றாவது பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

இந்தக் கலப்புப் பெயர்களுக்கெல்லாம் ஒரு பதிவேடு உண்டு. சான்டர் என்ற ஓர்கிட் வியாபாரி 1906இல் தொடங்கின பட்டியல் அது. இப்போது பிரித்தானியாவின் அரச தோட்டக்கலைச் சங்கம் வைத்திருக்கிறது. மூன்று நாலு சாதிகளைக் கலந்தால் யாராவது ஒருவர் பெயரோடு 'ஆரா' என்ற வாலை ஒட்டிவிடுவார்கள். மொக்காரா அப்படி வந்தது. அரக்னிஸ், அஸ்கோசென்ட்ரம், வண்டா மூன்றையும் கலந்தது. மொக் என்ற சிங்கப்பூர்க்காரரின் பெயர்.

பெயர் மாறும், அதற்கும் ஆயத்தமாய் இருங்கள். மரபணுவைப் பார்த்து 2012இல் அஸ்கோசென்ட்ரத்தை வண்டாவுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். அதனால் அந்த இரண்டையும் கலந்து, பழைய சீட்டில் அஸ்கோசென்டா என்று இருப்பது இப்போது வெறும் வண்டா. சிங்கப்பூரில் 1893இல் பதிவான, 1981இல் அந்த நாட்டின் தேசியப் பூவான வண்டா மிஸ் ஜோக்கிமும் இன்றைக்கு வண்டா இல்லை, பப்பிலியோனாந்தே. பாமசியில் நாங்கள் பிரூசமைட் என்று எழுதிப் பழகின மருந்தைப் பிறகு பியூரோசமைட் என்று மாற்றி எழுதினோமே, அதுபோலத்தான். உள்ளே இருப்பது மாறவில்லை. பழைய சீட்டை எறியாமல் பின்பக்கத்தில் புதுப்பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

சீட்டு இல்லாவிட்டால் காலைப் பாருங்கள்

பூ இல்லாத நேரத்திலும் கன்று தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஓர்கிட் நிற்கிறதா, நடக்கிறதா என்று பாருங்கள்.

நிற்கிறது என்றால் ஒரே தண்டு. நுனியில் புது இலை விட்டு விட்டு மேலேதான் போகும், பக்கத்தில் பரவாது. தாவரவியலில் இதை மொனோபோடியல் என்கிறார்கள், கிரேக்கத்தில் ஒற்றைக்கால் என்றுதான் அதற்கு அர்த்தம். வண்டா, பலனொப்சிஸ், மொக்காரா, அரக்னிஸ் எல்லாம் ஒற்றைக்கால்தான். இவற்றிடம் தண்ணீர் சேர்த்து வைக்கக் குமிழ் கிடையாது.

நடக்கிறது என்றால், அடியில் ஒரு கிடைத்தண்டு ஊர்ந்துபோய் அடுத்தடுத்துப் புதுத் தண்டுகளை எழுப்பும். டென்ட்ரோபியம், கத்லியா, ஒன்சிடியம் இந்தக் கூட்டம். தண்டு வீங்கிக் கரும்புபோலவோ குமிழ்போலவோ இருக்கும். அதுதான் அவற்றின் தண்ணீர்த் தாங்கி.

இந்த ஒரு வித்தியாசத்தை விளங்கிக்கொண்டால் பாதி ஓர்கிட்டைக் காப்பாற்றிவிடலாம். தாங்கி இல்லாதவற்றுக்கு நாளாந்தம் தண்ணீர் தேவை. தாங்கி உள்ளவை காய்ந்து, பிறகு நனைந்து, திரும்பக் காயவேண்டும். நாளும் ஊற்றினால் அடி அழுகும். என் முதல் நாலில் வண்டாவின் தொங்கு வேரை மண்ணில் புதைத்து மூச்சு முட்டவைத்தேன், கத்லியாவை நாளும் குளிப்பாட்டி அழுகவைத்தேன். மூன்றாவது பலனொப்சிஸ், அதன் கதை கீழே வரும். பிழைத்த ஒன்று டென்ட்ரோபியம். அது என்னையும் தாங்கிக்கொண்டது.

ஓர்கிட் குடும்பம் பெரிது. ஏறத்தாழ 28,000 இனங்கள். தென்னை, நெல் போல ஒருவித்திலைத் தாவரம். அதை ஐந்து துணைக்குடும்பமாய்ப் பிரிக்கிறார்கள். எங்கள் முற்றத்துக்கு வருகிறவை கிட்டத்தட்ட எல்லாம் எப்பிடென்ட்ராய்டியே என்ற ஒரே துணைக்குடும்பம். பெயரிலேயே மரத்தின்மேல் என்பது இருக்கிறது. வனிலாவுக்குத் தனித் துணைக்குடும்பம். ஐஸ்கிரீம் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஓர்கிட்டின் காய் என்று தெரியும்? 1841இல் ரியூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன்தான் அந்தப் பூவைக் கையால் மகரந்தம் சேர்க்கும் லேசான வழியைக் கண்டுபிடித்தான். இன்றைக்கும் தோட்டங்களில் அவன் வழிதான்.

பூவைக் கையில் எடுத்தால் குடும்பம் உறுதி. வெளியே மூன்று புல்லி, உள்ளே மூன்று அல்லி. அந்த மூன்று அல்லியில் ஒன்று உருமாறி உதடாய் நீட்டிக்கொண்டிருக்கும், பூச்சி வந்து இறங்க. நடுவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒட்டி ஒரே தூணாய் நிற்கும். செவ்வரத்தம்பூவில் பறப்பதுபோல மகரந்தத்தூள் பறக்காது. மஞ்சள் கட்டியாய், தீக்குச்சி நுனியால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். மொட்டு விரிவதற்கு முன் காம்பைப் பார்த்தால் அது முறுகுவது தெரியும். பெரும்பாலானவை அரை வட்டம் திரும்பித்தான் உதட்டைக் கீழே கொண்டுவருகின்றன. இதைப் பார்க்க நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மொட்டுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்ததுண்டு. இவர் தேத்தண்ணியோடு வந்து "என்ன, பிள்ளை பெறப்போகுதோ?" என்றார்.

வண்டா: இந்த ஊருக்கென்றே பிறந்தது

திருகோணமலையில் ஒன்றே ஒன்று வளர்ப்பதென்றால் வண்டாவை வளருங்கள். வெய்யிலைத் தாங்கும். கடல் வெக்கையும் ஈரப்பதனும் அதற்குப் பிடிக்கும். பெயர்கூட எங்கள் பக்கத்துப் பெயர்தான்: மரத்தில் ஒட்டி வளர்வதை வடமொழியில் வந்தா என்பார்கள், அதைத்தான் வெள்ளைக்காரர் எடுத்துக்கொண்டார்கள். ஒட்டி வளர்ந்தாலும் இது புல்லுருவி இல்லை. மரத்திலிருந்து ஒரு சொட்டும் உறிஞ்சாது. ஏறி இருக்க இடம் மட்டும் கேட்கும். மாமரத்தில் கட்டினால் மாமரம் காய்க்காது என்று சொல்கிறவர்களை நம்பவேண்டாம்.

சாடி வேண்டாம், மண் வேண்டவே வேண்டாம். மரச்சட்டத்தாலோ பிளாஸ்ரிக்காலோ ஆன திறந்த கூடை, உள்ளே நாலைந்து பெரிய கரித்துண்டு, அவ்வளவும் போதும். வேர்கள் கூடைக்கு வெளியே ஒரு முழம், இரண்டு முழம் தொங்கட்டும். பார்க்கிறவர்கள் "கட்டிவிடுங்கோவன்" என்பார்கள். கட்டவேண்டாம்.

தண்ணீர் விடும் அளவை வேரே சொல்லும். வேரைச் சுற்றி இறந்த கலங்களாலான ஒரு பஞ்சு உறை இருக்கிறது, வெலமன் என்று பெயர். காய்ந்திருக்கும்போது அதற்குள் காற்று நிரம்பி வெள்ளிபோல மினுங்கும். நனைந்ததும் உறை கண்ணாடியாகி உள்ளே இருக்கும் பச்சை தெரியும். காலையில் குழாயைப் பிடியுங்கள். வெள்ளி வேர் முழுக்கப் பச்சையானதும் நிறுத்துங்கள். ஒரு தெளிப்பில் பச்சையாகாது. ஒருமுறை நனைத்துவிட்டு மற்றக் கன்றுகளைப் பார்த்து, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து இன்னொருமுறை நனைக்கவேண்டும்.

வெய்யில் அளவுக்கு இலையைப் பாருங்கள். பென்சில்போல உருண்ட இலை என்றால் நிழலே தேவையில்லை. மிஸ் ஜோக்கிமை முற்றத்தில் கம்பு நட்டுக் கட்டி உச்சி வெய்யிலில் விடலாம். பட்டி இலை என்றால் பாதி நிழல், 50 வீத வலை. கரும்பச்சையாய் இருந்தால் வெய்யில் போதாது, பூக்காது. இளம்பச்சையில் கொஞ்சம் மஞ்சள் தட்டினால் சரி. செம்மை ஓடினால் எல்லைக்கு வந்துவிட்டது, கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள்.

பசளை 20-20-20, அதாவது நைதரசன், பொஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் சம அளவு. பைக்கற்றில் சொன்ன அளவில் கால்வாசியைக் கரைத்து வாரம் ஒருமுறை, முதலில் வெறுந்தண்ணீரால் வேரை நனைத்த பிறகு. மருந்து விஷயத்தில் நான் சொல்வதுதான் இங்கேயும்: இரண்டு குளிசை போட்டால் இரண்டு மடங்கு கெதியாய்ச் சுகம் வராது.

டென்ட்ரோபியம், பலனொப்சிஸ்

டென்ட்ரோபியத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. சின்னச் சாடி, கரியும் ஓட்டுத்துண்டும், சாய்ந்து விழாமல் அடியில் ஒரு கல். இலை உதிர்ந்த பழைய தண்டுகளை வெட்டாதீர்கள், அவைதான் தாங்கி. அடுத்த வருஷம் அதிலேயே பூத்தாலும் பூக்கும். தண்டின் மேற்கணுவில் குட்டிக்கன்று முளைத்தால் வேர் இரண்டு அங்குலம் வரட்டும், பிறகு பிரித்து நடலாம்.

பலனொப்சிஸ்தான் எங்கள் ஊரில் கண்ணீர் வரவைக்கும். கடையில் பூவோடு இருப்பதைப் பார்த்து மயங்கி வாங்குகிறோம். பூ உதிர்ந்ததும் வருஷக்கணக்காய் இலை மட்டும். காரணம் வெக்கை. பகலும் இரவும் 28 பாகைக்கு மேலே நின்றால் அது பூந்தண்டு விடாது. ஆகவே சித்திரையில் பசளையைக் கொட்டிப் பிரயோசனமில்லை. வாடைக்காற்றும் மழையும் வந்து இரவு குளிரும் மார்கழி, தைதான் அதன் காலம். அப்போது வீட்டின் வடக்குப்பக்கத் தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள். ஆனால் மழை நேரே விழக்கூடாது. இலைகள் கூடுகிற நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் ஒரே இரவில் அழுகி, காலையில் இழுத்தால் கையோடு வரும். எனது மூன்றாவது அப்படித்தான் போனது. அதனால் நிமிர்த்தி வைக்காமல், தேங்காய்ப் பொச்சிலோ பலகையிலோ சரித்துக் கட்டுங்கள். மரத்தில் அது அப்படித்தான் தலை சரிந்து வளர்கிறது. அழுகின இலையை வெட்டினால் வெட்டுவாயில் கறுவாத்தூள் தடவலாம். வேரில் படவிடாதீர்கள், கறுவா வேரையும் காயவைத்துவிடும்.

பொச்சைப் பற்றி இன்னொன்று. கடலோரத்தில் வாங்கும் பொச்சும் தும்பும் உவர்த்தண்ணீரில் ஊறினதாய் இருக்கலாம். நல்ல தண்ணீரில் போட்டு நாளும் தண்ணீர் மாற்றி ஒரு கிழமை ஊறவைத்துத்தான் நான் பாவிக்கிறேன்.

தண்ணீர், கச்சான், மான்

எங்கள் இடத்துக்கு உவர்மலை என்று பெயர். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் ஓர்கிட்டுக்கு ஆகாது, வேர் நுனி கறுத்துவிடும். குழாய்த் தண்ணீர் பரவாயில்லை, மழைத்தண்ணீர்தான் மேல். எங்களுக்கு மழை ஐப்பசியில் தொடங்கி தையோடு போய்விடும். பீப்பாவில் பிடித்து வைப்பதென்றால் வாயை வலையால் இறுக்கிக் கட்டுங்கள். 2017இல் டெங்கு கிண்ணியாவையும் எங்களையும் ஆட்டிவைத்ததை மறக்கவில்லை. பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பீப்பாவுக்குள் டோர்ச் அடித்துப் பார்ப்பார், பூவுக்கென்று சொன்னாலும் விடமாட்டார். சரிதானே.

வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் அடிக்கும். மேற்கிலிருந்து நெருப்பள்ளிக் கொண்டுவருகிற காற்று. காலையில் நனைத்த வேர் ஒன்பது மணிக்கே வெள்ளியாகிவிடும். அந்த நாட்களில் பின்னேரம் நாலு மணிக்கு இன்னொரு நனைப்பு. இரவுக்கு முன் இலை காய்ந்துவிடவேண்டும். மேற்குப்பக்கம் பழைய சாக்கைத் தொங்கவிட்டு நனைத்து வையுங்கள். கூடைகளுக்குக் கீழே ஒரு தட்டில் மணலும் தண்ணீரும். இவ்வளவும் செய்தும் மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தால் கவலைப்படாதீர்கள், கச்சானில் எல்லோருக்கும் உதிரும்.

மான் கதை வெளியூராருக்கு விளங்காது. கோணேசர் கோயில் இருக்கிற எங்கள் கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான்கள் ரவுணுக்குள்ளும் இறங்கி உலாவும். கோட்டை வாசலுக்குக் கிட்ட இருக்கும் என் மச்சாள், நான் கொடுத்த டென்ட்ரோபியத்தை அரைச்சுவரில் வைத்திருந்தாள். காலையில் பார்த்தால் மொட்டெல்லாம் சீராய் நறுக்கினமாதிரி இல்லை. "கோணேசற்ற மான்தானே, சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றாள் அவள். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. அந்தப் பக்கத்தில் இருக்கிறவர்கள் ஆறடிக்கு மேலே தொங்கவிடுங்கள்.

காட்டில் இருப்பதைக் காட்டிலேயே விடுங்கள்

கந்தளாய்ப் பக்கம் ஒரு பயணத்தில் வான் நின்ற இடத்தில் நல்ல வாசனை வந்தது. அண்ணாந்து பார்த்தால் கொப்பில் வண்டா தெசலாட்டா. மஞ்சளும் கபிலமுமாய்க் கட்டம்போட்ட இதழ், ஊதா உதடு. தெசலாட்டா என்றால் தளத்துக்குக் கல் பதித்ததுபோல என்று அர்த்தம். இதழைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் மறக்காது. உலர் வலயத்து மரங்களில் இதுவும் ரைங்கொஸ்டைலிஸ் ரெட்டூசாவும் இருக்கின்றன. இரண்டாவது நரிவால்போல ஒரு முழத்துக்குப் பூச்சரம் தொங்கவிடும். அஸ்ஸாமில் அதுதான் மாநிலப்பூ, பெண்கள் பிஹு ஆட்டத்துக்குத் தலையில் வைப்பார்கள். இலங்கையில் அதை மட்டக்களப்பு ஓர்கிட் என்கிறார்கள். பூவுக்கு அவர்களுடைய ஊர்ப்பெயர் போய்விட்டது. எங்கள் ஊர்ப்பெயர் சமண்டலை மரத்துக்குத்தான். ஆங்கிலத்தில் அதைத் திருகோணமலை மரம் என்பார்கள், படகு கட்டுகிற மரம். போகட்டும், என் வண்டாக் கூடைகளின் சட்டம் அந்த மரத்தில்தான்.

நான் அந்தக் கொப்பில் கைவைக்கவில்லை. நல்ல பிள்ளை என்பதால் மட்டும் இல்லை. காட்டு ஓர்கிட்டைப் பிடுங்குவது சட்டப்படி குற்றமாகலாம். பிடுங்கிக் கொண்டுவந்தாலும் உடைந்த வேரோடு பெரும்பாலும் பிழைக்காது. அது அந்தக் கொப்புக்கு வந்ததே பெரிய காரியம். ஓர்கிட்டின் விதை தூசிபோல. முளைக்கத் தேவையான சாப்பாடு அதற்குள் இல்லை. ஒரு பூஞ்சணம் வந்து ஊட்டினால்தான் முளைக்கும். பூஞ்சணம் இல்லாமலே சீனி கலந்த ஊட்டக்கூழில் முளைக்கவைக்கலாம் என்று அமெரிக்காவில் நட்சன் 1922இல் காட்டின பிறகுதான் இன்றைக்கு எங்கள் விலைக்குக் கன்று கிடைக்கிறது. கனடாவிலிருந்து வந்த மச்சாளின் மகள் பெட்டிக்குள் ஒன்று வைத்துக்கொண்டு போகக் கேட்டாள். வாங்கின கன்றாய் இருந்தாலும் முடியாது. அருகிவரும் உயிரினங்களை நாடுவிட்டு நாடு கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் ஓர்கிட் குடும்பம் முழுவதும் இருக்கிறது, அனுமதிப் பத்திரம் வேண்டும். விமான நிலையத்தில் பறிகொடுப்பதைவிட வட்சப்பில் படம் பார்க்கலாம் என்றேன்.

கடைசியாய்ச் சீட்டு எழுதும் முறை. பேனை வேண்டாம், எங்கள் வெய்யிலில் மூன்று மாதத்தில் மை பறந்துவிடும். யோகட் கப்பை நீட்டாய் வெட்டி, எச்.பி. பென்சிலால் எழுதுங்கள். சாதி, அடுத்த பெயர், வாங்கின மாதம், வருஷம். ஒன்றைக் கூடையில் கட்டி, அதே விபரத்தை ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். காகம் சீட்டைக் கொத்திக்கொண்டு போகும். பிழைத்த அந்த முதல் டென்ட்ரோபியத்துக்கு இன்றுவரை பெயர் தெரியாது. அதன் சீட்டில் "டென். பெயர் தெரியாது. வெள்ளை, உதடு ஊதா. கண்டி" என்று மட்டும் எழுதிக் கட்டியிருக்கிறேன்.